பத்தாவதுக்கு ஒரு பங்கு

செந்தமிழ்ச்செல்வி டீச்சர் எங்க ஊரு உயர்நிலைப் பள்ளிக்கூடத்துக்கு எச்.எம்.மா வந்தப்போ, ரெண்டு மாசம் தாங்குவாங்களான்னு நானே சிரிச்சேன். நான் குஞ்சம்மாள். அங்க சத்துணவு சமைக்கிறவ. அதுக்கு முன்னாடி வந்த எச்.எம்.ங்க எல்லாம் கள்ளக்குறிச்சி பஸ்ஸுல பத்து மணிக்கு எறங்குவாங்க, மூணு மணிக்கே பையத் தூக்குவாங்க. மலையடிவாரத்து ஊருன்னா தண்டனைக்கு அனுப்புன மாதிரி ஒரு மூஞ்சி. பத்தாவதுல பாதிக்குப் பாதி பெயிலு. "கரும்பு வெட்டுற ஜனங்க புள்ளைங்க, இன்னாத்த படிக்கப் போவுது"ன்னு வாத்தியாருங்களே பேசிக்குவாங்க. எனக்குப் பத்திக்கினு வரும்.

இந்தம்மா சின்னசேலத்துக்காரங்க. ஒல்லியா, நெட்டையா இருப்பாங்க, குரலுக்கு மைக்கு வேணாம். தெனம் எனக்கு முன்னாடி வந்து கேட்டத் தெறந்து வெச்சிருப்பாங்க. வந்த மொத வாரமே ஒரு வேலை பண்ணாங்க பாரு. ஆபீஸ் நாற்காலியில குந்தல. நேரா வகுப்புக்குப் போயி, கடைசி பெஞ்சுல புள்ளைங்களோட குந்திக்கினாங்க. இங்கிலீசு வாத்தியாரு ராஜாங்கம் சாரு, பேப்பர் படிச்சிக்கினே பாடம் நடத்துற ஆளு. அவருக்குக் கோவம் வந்துடுச்சி.

"என்னைச் சோதிக்க வந்து குந்தறீங்களா மேடம்?"

"எனக்கு இங்கிலீசு கொஞ்சம் கம்மி சார். கத்துக்கலாம்னு வந்தேன்"னாங்க, மூஞ்சில ஒரு சிரிப்புகூட இல்லாம.

மறுநாளும் வந்தாங்க. அதுக்கு மறுநாளும் வந்து, கையத் தூக்கி சந்தேகம் வேற கேட்டாங்க. மனுசன் இன்னா பண்ணுவாரு, வூட்டுல படிச்சிக்கினு வர ஆரம்பிச்சாரு. அவரு நல்லா நடத்துன அன்னிக்கு, மத்த வாத்தியாருங்க அத்தினி பேரு முன்னாடியும் அதை எடுத்துச் சொன்னாங்க டீச்சர். அந்த ஆளை அதுவரைக்கும் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல போலருக்கு, காது செவந்து போச்சி. அப்புறம் சாயங்கால வகுப்பை அவரே வெச்சாரு, கடைசி பஸ்ஸுலதான் ஊருக்குப் போனாரு. மத்தவங்களும் மெதுவா அந்த வழிக்கு வந்தாங்க.

ஆனா மார்கழி பொறந்தா எங்க ஊருல எல்லாம் தலைகீழாயிடும். பாதி வூடு கரும்பு வெட்டுற கேங்கு. சட்டி பானையக் கட்டிக்கினு, டிராக்டர்ல ஏறி மூங்கில்துறைப்பட்டு பக்கம் போயிடுவாங்க. கரும்புக் கொல்லை ஓரத்துலயே குடிசை போட்டு டேரா. வெட்டு முடிஞ்சி திரும்பறதுக்குள்ள கோடை வந்துடும். புள்ளைங்களை யாருகிட்ட வுடறதுன்னு கூடவே இட்டுக்கினு போயிடுவாங்க. பொண்ணுங்க கைக்குழந்தையப் பாத்துக்கும், பசங்க கரும்புக் கட்டைத் தூக்கும். பரீட்சைக்கு மட்டும் வந்து எழுதிட்டுப் பெயிலாவும். அதோட அதுங்க படிப்புக்கு ஒரு கும்புடு.

அந்த வருசம் பத்தாவதுல இருந்த அந்த மாதிரிப் புள்ளைங்கள்ல, கேங்கு மேஸ்திரி தெய்வசிகாமணியோட பொண்ணு சந்தியாவும் ஒண்ணு. கணக்குல அதை அடிச்சிக்க ஆளில்ல. என் சமையக்கட்டுல வெச்சி டீச்சர் கையப் புடிச்சிக்கினு அழுதுச்சி. "இந்தத் தடவ போனா அவ்ளோதான் டீச்சர். அடுத்த வருசம் என் கையிலயும் கத்தியக் குடுத்துடுவாங்க."

டீச்சர் பெத்தவங்க கூட்டம் போட்டாங்க. வடை சுட்டது நானு. ஒரு ஆளு வரல, வடையெல்லாம் வாத்தியாருங்க வயித்துக்குத்தான் போச்சி. அப்புறம் மேஸ்திரி வூட்டுக்கே போயி, புள்ளையப் படிக்க வுடாதது சட்டப்படி குத்தம்னு அதட்டிட்டாங்க. அங்கதான் தப்பு பண்ணாங்க. தெய்வசிகாமணி அசரவே இல்ல. "போலீசுலயே சொல்லுங்க டீச்சர். அவங்களே ஆறு மாசம் சோறு போட்டுப் பாத்துக்கட்டும்"னுட்டான். டீச்சர் திரும்பி வந்து ஒரு சொம்புத் தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சாங்க.

கேங்கு கெளம்புற அன்னிக்குக் காலையில கத்தி பூசை. ஏரிக்கரை கோயில்ல கத்திய எல்லாம் குவிச்சி, மஞ்ச குங்குமம் வெச்சி, கற்பூரம் ஏத்துவாங்க. வர்ற கூலியில யாருக்கு எத்தினி பங்குன்னு மேஸ்திரி அங்கதான் சொல்லுவான். கற்பூரத்துக்கு முன்னாடி சொன்ன பங்கை அப்புறம் யாரும் மாத்தக்கூடாது, அது எங்க ஜனங்க கட்டுப்பாடு. வெளியாளு அந்தப் பக்கம் வரமாட்டாங்க. டீச்சர் வந்து, செருப்பைக் கழட்டி வுட்டுட்டு பொம்பளைங்களோட நின்னுக்கினாங்க.

"வெட்டறவங்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. டேராவுல சமைக்கிற லட்சுமியம்மாளுக்கு ஒரு பங்கு"ன்னான் மேஸ்திரி.

"லட்சுமியம்மா கத்தியே புடிக்க மாட்டாங்களே, அவங்களுக்கு ஏங்க பங்கு?"ன்னு கேட்டாங்க டீச்சர்.

"இன்னா டீச்சர் கேள்வி இது? சோறு இல்லாம எவன் வெட்டுவான்?"

"சரிங்க. இங்க ஊருல ஒரு அம்மா இருந்து, பத்தாவது புள்ளைங்களுக்கு ராத்திரி சோறாக்கிப் போட்டு, தன் வூட்டுலயே படுக்க வெச்சிப் பாத்துக்கினா, அதுவும் உங்க கேங்கு வேலைதான? அவங்களுக்கும் ஒரு பங்கு வெய்யுங்க. காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

மேஸ்திரி பொண்டாட்டி ஆண்டாள்தான் மொதல்ல பேசுனா. புருசன் எதிர்ல நிமிர்ந்துகூடப் பாக்காதவ. "என் பங்குல கொறஞ்சாலும் கொறயட்டும். வெய்யி." அப்புறம் பொம்பளைங்க ஒவ்வொருத்தியா "வெய்யி, வெய்யி"ன்னாளுங்க. நான் ஊருல இருக்கேன்னு, கேங்குல கத்தி புடிக்கிற சாலம்மாள் முன்னாடி வந்தா. கைக்குழந்தைங்களுக்கு டேராவுல சேலையில ஏணை கட்டி ஆட்டிக்கறேன்னா லட்சுமியம்மாள். கற்பூரம் எரிஞ்சிக்கினு இருக்கு, மேஸ்திரி வேற இன்னா சொல்லுவான்?

"ஒரு கத்தி கம்மி, வெட்டாத பங்கு ஒண்ணு ஜாஸ்தி. எல்லாத்தையும் தாங்கறேன். பெயிலாச்சின்னா மறுபடி இந்தப் பக்கம் வரக்கூடாது டீச்சர்."

"வரமாட்டேங்க."

அதுக்கப்புறம் நடந்தது சாமி சத்தியமா எங்க ஊரு பாக்காத கூத்து. மார்கழியிலேர்ந்து காலி பெஞ்சாக் கெடக்குற பத்தாவது வகுப்பு நெறைஞ்சி இருந்துச்சி. கணக்கை டீச்சரே எடுத்தாங்க, இங்கிலீசை ராஜாங்கம் சாரு அரைச்சி ஊத்துனாரு. சாலம்மாள் வூட்டுல ராத்திரி களி வாசனையோட பாடம் ஒப்பிக்கிற சத்தம் தெருவுக்கே கேக்கும்.

ரிசல்ட்டு வந்த அன்னிக்கு கேங்கு இன்னும் கடைசி கொல்லையில வெட்டிக்கினு இருந்துச்சி. டீச்சர், நானு, சந்தியா மூணு பேரும் பஸ்ஸு மாறி மூங்கில்துறைப்பட்டு போயி, வரப்பு மேல நடந்து போனோம். நீயே சொல்லுன்னு டீச்சர் சந்தியாவ முன்னாடி தள்ளி வுட்டாங்க.

"அப்பா, எல்லாரும் பாஸு. ஒருத்தர்கூடப் பெயிலாவல. எனக்குக் கணக்குல தொண்ணூத்தெட்டு."

தெய்வசிகாமணி கத்தியக் கீழ வெச்சான். கரும்புச் சோகை கிழிச்ச மூஞ்சியத் துண்டால தொடச்சான், தொடச்சிக்கினே இருந்தான். ஆண்டாள் ஓடியாந்து பொண்ணைக் கட்டிக்கினா. பொம்பளைங்க எல்லாம் கரும்புக்குள்ளாறயிருந்து வந்து சூழ்ந்துக்கினு, என் புள்ள பேரைச் சொல்லு, என் புள்ள பேரைச் சொல்லுன்னு கேட்டாளுங்க. லோடுக்கு நின்ன டிராக்டர்க்காரன் ஹாரனை அடிச்சான். வெட்டு நேரத்துல தண்ணி குடிக்க நின்னாலே கத்துற மேஸ்திரி, "நிக்கட்டும்யா, இன்னிக்கி நிக்கட்டும்"னான்.

அப்புறம் டீச்சர்கிட்ட வந்தான். "பதினொண்ணாவதுக்கு எங்க சேக்கறதுங்க டீச்சர்? கள்ளக்குறிச்சியா, சின்னசேலமா?"

அன்னிக்குத்தான் அந்தம்மா கண்ணுல தண்ணி பாத்தேன். அப்படியே கரும்புக் கட்டு மேல குந்திக்கினாங்க. "மொதல்ல எனக்கு ஒரு கரும்பு குடுங்க, காலையிலேர்ந்து பட்டினி"ன்னாங்க. மேஸ்திரி நல்ல கழியாப் பாத்து, சோகை உரிச்சி, ரெண்டு கையாலயும் நீட்டுனான். பல்லால கிழிச்சி, சாறு மொழங்கை வரைக்கும் ஒழுக, வாய் நெறைய மென்னுக்கினே, "கள்ளக்குறிச்சி"ன்னாங்க டீச்சர்.