இன்னாசியின் நாலு பக்கங்கள்

மரியநாயகம் அண்ணையின் மகள் றெஜினா தொலைபேசியில் அழைத்தபோது நான் லாசால் தரிப்பிடத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "அப்பா காலமை மோசம் போயிட்டார், அங்கிள்," என்றாள். "உங்கட பத்திரிகைக்குத்தானே எழுதினவர். நீங்கள்தான் அவருக்கு அஞ்சலிக் குறிப்பு எழுதித் தரவேணும்," என்றாள். ஓம் என்றேன். அவரைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுதவேண்டி வரும். அந்தப் பயத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டேன்.

அண்ணை துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்தவர். ஞாயிறுகளில் கோயிலில் பாடியவர். அவர் படைத்த துப்பறிவாளர் இன்னாசியை எங்கள் சிற்றிதழில் உங்களில் பலர் வாசித்திருப்பீர்கள். மறுமலர்ச்சிக் காலத்து ஐரோப்பியத் தேவாலயப் பாடல்களில் இன்னாசிக்குப் பெரிய ஆராய்ச்சி. கொலை நடந்த வீட்டில்கூட, நாலு பேர் நாலு குரலில் சேர்ந்து பாடும் பாட்டைப் பற்றிப் பேசாமல் நகரமாட்டார். எனக்கு அது எரிச்சல்.

"அண்ணை, அங்க பிணம் கிடக்குது. உங்கட ஆள் பாட்டைப் பற்றிக் கதைக்கிறார்," என்பேன்.

"அந்தாள் யோசிக்கிறதே பாட்டாலதான்," என்பார்.

கடைசியாகத் தந்த கதையில் பாட்டு மட்டும் நாலு பக்கம். இதழில் இடமில்லை என்று அவரைக் கேளாமல் வெட்டினேன். ஒழுங்காக வாசிக்கவும் இல்லை. அந்தக் காலப் பாடகர் ஒவ்வொருவர் கையிலும் தன் குரலுக்கான ஏடு மட்டுமே இருக்கும், மற்றவர் பாடுவது அதில் இராது என்று இன்னாசி அங்கே விளக்கியிருந்தார். கொலை நடந்த வீட்டிலிருந்த நாலு சாட்சிகளையும் அதே பக்கங்களில் அப்படித்தான் தனித்தனியே விசாரித்தார். தான் நின்றதாகச் சொன்ன இடத்திலிருந்து கண்டிருக்கவே முடியாத ஒன்றைச் சொன்ன சமையல்காரன் அகப்பட்டான். அச்சில் வந்த கதையிலோ இன்னாசி திடீரென்று எழும்பிச் சமையல்காரனைப் பிடித்தார். ஏனென்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

பத்திரிகையின் ஆண்டுவிழாவில் ஒருவர் எழுந்து, "ஒரு துப்பும் இல்லாமல் என்னெண்டு பிடிச்சவர்? எழுதினவர் மறந்துபோனாரோ?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. ஒலிவாங்கி என் கையில் இருந்தது. முன்வரிசையில் றெஜினாவுக்குப் பக்கத்தில் இருந்த அண்ணை என்னையே பார்த்தார். ஆசிரியன் என்ற மானம் வாயை அடைத்துவிட்டது. கடைசியில் அவரே எழும்பினார்.

"ஓம், என்ர பிழைதான். விட்டுப்போச்சு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வாசலில் அவரைப் பிடித்து ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன். "நீர் வாய் திறப்பீர் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். சனம் சிரிக்குது. ஆரோ ஒராள் பதில் சொல்லத்தானே வேணும்," என்றார். கோட்டுப் பொத்தான்களைப் பூட்டியபடி, "அடுத்த இதழில அந்த வெட்டின பக்கங்களைப் போட்டுவிடும்," என்றார்.

போடுகிறேன் என்றேன். போடவில்லை. இதழ்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. அவர் கேட்கவில்லை, வேறு கதை தரவும் இல்லை. மெட்ரோவில் கண்டால் "சுகமோ?" என்பார். இன்றைக்குக் கேட்டுவிடுவாரோ என்று பயந்து அடுத்த பெட்டியில் ஏறுவேன். வெட்கக்கேடு, வேறொன்றுமில்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பவை அவர் கையெழுத்திலுள்ள அந்த நாலு பக்கங்கள். அவற்றை இந்தக் குறிப்போடு முழுதாக அச்சிடுகிறேன். அன்று சிரித்தவர்கள் வாசியுங்கள். றெஜினா, நீயும் வாசி. உன் அப்பா ஒன்றையும் மறக்கவில்லை, பிள்ளை. வெட்டினவன் நான்.