சாமி என்று நினைத்த தலைசுற்றல்

மாரியம்மன் பெற்ற பிள்ளைகளே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான்கு வருடமாக என்மேல் சாமி வருவதாக எங்கள் லூபோக் சீனா ஊரில் பலர் நம்பினார்கள். வந்தது தலைசுற்றல்.

ஒரு கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கியது. திரும்பினால் தரை நழுவும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல்காரி நான். கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்கப் பயந்து வேலையை விட்டேன். மருந்துக்கடையில் நானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, தலையை அசைக்காமல் படுத்தே கிடந்தேன். ஐம்பது வயதுகூட ஆகவில்லை, குளியலறைக்குப் போக வீட்டுக்காரர் கை வேண்டும். செத்தால் தேவலை என்று அழுதிருக்கிறேன்.

கோவிலுக்கும் அவர்தான் கூட்டிப் போவார். அங்கேதான் கூத்து. உறுமிச் சத்தம் கேட்டுத் திரும்புவேன், தள்ளாடுவேன். உடனே கையில் வேப்பிலையைத் திணிப்பார்கள். ஒருவர் மகள் கல்யாணம் எப்போது என்பார், இன்னொருவர் லாரி வாங்கலாமா என்பார். மறுக்கத் தைரியம் இல்லை. "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லி வைப்பேன். அதற்கும் தேங்காய் பழம் வீடு வந்து சேரும்.

சென்ற ஆண்டு திருவிழாவில் மனம் உடைந்து வேண்டினேன். "தாயே, நீ என்மேல வர வேணாம். என்னைய நிக்க வை, போதும்."

கண்ணைத் திறந்தபோது ஓர் இளம்பெண் திருநீற்றுக்காகக் குனிந்து நின்றாள். பூசப்போய் அவள்மேலேயே சாய்ந்துவிட்டேன். தாங்கிப் பிடித்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஆன்ட்டி, பாசார் கூட்டத்துல நடந்தாலும் இப்படித்தான் சுத்துமா?"

"ஆமாம்மா."

"இது சாமி இல்ல லா. காதுல கோளாறா இருக்கலாம். நான் ஆஸ்பத்திரியில பிசியோ. வாங்க, டாக்டர்கிட்ட காட்டலாம்."

அவள் பெயர் கவிதா. மருத்துவர் சோதித்துவிட்டு, உள்காது பாதிக்கப்பட்டிருக்கிறது, மாத்திரை போட்டுப் படுத்துக் கிடந்தது போதும், இனிப் பயிற்சிதான் என்றார். கவிதாதான் சொல்லித் தந்தாள்: ஒரே புள்ளியைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். தலையணைமேல் நிற்க வேண்டும். முதல் வாரம் சுற்றல் கூடியது. கவிதாவைத் திட்டினேன்.

"சுத்தட்டும் ஆன்ட்டி, மூளை பழகட்டும்" என்று சிரித்தாள்.

வீட்டில் அம்மன் படத்து மூக்குத்தியையே பார்த்துச் செய்தேன். ஒரு நாளும் விடவில்லை. சில மாதங்களில் பாச்சாங் பாசாரில், சந்தைக் கூட்டத்துக்கு நடுவே தனியாக நடந்து மீன் வாங்கினேன். நடுவழியில் நின்று அழுதேன், அவ்வளவு சந்தோஷம். இப்போது மறுபடியும் சிற்றுண்டிச்சாலையில் நான்தான் மீகோரெங் நூடுல்ஸ் பிரட்டுகிறேன்.

இந்த ஆண்டு பால்குடம் எடுத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"என்னக்கா, இந்த வருஷம் ஆத்தா வரலியா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"போன வருஷமே வந்துட்டா" என்றேன்.

மூலையில் சுருண்டு கிடப்பவர்களே, நம்பிக் கேளுங்கள். ஆத்தா ஆளை அனுப்புவாள். அந்த ஆள் சொல்வதைக் கேட்டு எழுந்து நிற்பது நம் பாடு.