அரளிச்செடிகளுக்கு நடுவில் நின்ற வெள்ளை வேட்டி

ஆண்டவர் எனக்குச் செய்ததை உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் விழுப்புரத்தில் வேன் டிரைவர். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ராத்திரி ஷிப்ட் பெண்களைக் கொண்டுபோய் விட்டு, விடியும்போது திரும்ப அழைத்து வருவேன். பாதிப் பேர் திண்டிவனத்தில் இறங்கிவிடுவார்கள். மீதிப் பிள்ளைகள் விழுப்புரம் வரை வாய் பிளந்து தூங்குவார்கள். அத்தனை உயிரும் என் கையில்.

போன கோடையில் எனக்குப் பகல் தூக்கம் போய்விட்டது. தகரக் கூரை, வெயில், பக்கத்து வீட்டு மிக்ஸி. கண்ணை மூடினால் ரோடு ஓடும். ஷிப்ட் முடியும்வரை வேனில் படுக்கலாம்தான். நானோ மற்ற டிரைவர்களோடு டீயும் அரட்டையுமாக இருப்பேன்.

ஒரு விடியற்காலை, கூட்டேரிப்பட்டு தாண்டியதும், ரோட்டு நடுத்திட்டு அரளிச்செடிகளுக்கு நடுவில் வெள்ளை வேட்டி கட்டிய ஆள் ஒருவன் நின்றான். ரோட்டில் கால் வைத்தான். பிரேக்கை மிதித்தேன். முன்சீட்டுக் கவிதா விழித்துக்கொண்டாள்.

"யாருக்குண்ணா பிரேக் போட்டீங்க? ரோட்ல யாருமே இல்லியே."

இல்லைதான். ஆனால் மறுநாளும் நின்றான். அதற்கடுத்த நாளும். அவனுக்கு முகமே இல்லை. அங்கே செத்தவன் அலைகிறான், எலுமிச்சம்பழம் கட்டு என்றார்கள் டிரைவர்கள். நான் விசுவாசி, எனக்கெதற்குப் பழம்? இது பிசாசின் வேலை, ஜெபத்தால் துரத்துவேன் என்று உபவாசம் தொடங்கினேன். தூங்க வேண்டிய பகல் முழுவதும் பட்டினியோடு முழங்காலில் நின்றேன்.

என் மனைவி எஸ்தர் கெஞ்சினாள். "செத்த நேரம் கண்ண மூடுங்களேன். உங்களுக்குப் பதிலா நான் ஜெபம் பண்றேன்."

"பிசாசு உன் வாயால பேசுது" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். அவனோ முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தான்.

அன்றைக்குத் தூறல். அதே இடம், அதே வெள்ளை வேட்டி. இன்றைக்கு உனக்கு நிற்கமாட்டேன் என்று முடிவு செய்தேன். "இயேசுவின் நாமத்தினாலே அப்பாலே போ!" என்று சத்தமிட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

"அண்ணா! ஆளு! ஆளு நிக்குது!"

கத்தியது கவிதா. ஒரு நாளும் அவனைப் பார்க்காதவள் கத்துகிறாள்! ஸ்டியரிங்கை ஒடித்து எப்படிப் பிரேக் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. வேன் அரளிச்செடிகளில் மோதி நின்றது. பின்னால் பிள்ளைகள் அலறினார்கள். யாருக்கும் காயமில்லை.

வெள்ளை வேட்டியும் தலையில் மல்லாட்டைக் கடலை மூட்டையுமாக ஒரு பெரியவர் நடுங்கிக்கொண்டு நின்றார். "கண்ணு தெர்லியா உனக்கு? மேலயே ஏத்தறா மாதிரி வர்ற! தூங்கிக்கினு ஓட்றியா?"

நான் இறங்கிப்போய் அவர் தோளைத் தொட்டேன். சூடாக இருந்தது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது நீளமாக ஜெபிக்கத் தெம்பில்லை. "ஆண்டவரே, என்னைத் தூங்க வையும்" என்று மட்டும் கேட்டேன். எஸ்தர் கூரைமேல் சாக்கை நனைத்துப் போட்டாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினாள். போனைப் பிடுங்கிக்கொண்டாள். என் உபவாச நேரத்தைச் சபைச் சகோதரிகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மிக்ஸிக்கார அக்காவும் அவர்களில் ஒருவர். சாயங்காலம்வரை தூங்கினேன். எழுந்ததும் எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மொதல்ல சாப்டுங்க" என்றாள்.

இப்போது ஷிப்ட் முடியும்வரை பின்சீட்டில் படுத்துவிடுவேன். நடுராத்திரிக்குமேல் டீ கிடையாது. பகலில் படுக்கை நேரம் மாறாது.

அவன் போய்விட்டானா என்று கேட்பீர்கள். தூக்கம் குறைந்த நாளில் இன்னும் அங்கே நிற்கிறான். இன்னும் முதுகு சில்லிடுகிறது. ஆனால் நான் அவனைத் துரத்துவதில்லை. நிற்கிறேன். மனிதனாக இருந்தால் கடந்து போகட்டும். ஆள் இல்லையென்றால், அடுத்த டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டிக் கண்ணை மூடுகிறேன். பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை. அவர்களும் தூங்குகிறார்கள்.

யாரைத் துரத்தச் சொல்லி அழுதேனோ, அவனைக் காட்டித்தான் ஆண்டவர் என்னை நிறுத்திக்கொண்டிருந்தார். ராத்திரியில் உழைக்கிற என் ஜனங்களே, விழித்திருக்கப் பலம் கேட்கிற நீங்கள் தூக்கத்தையும் அவரிடமே கேளுங்கள். அவர் கொடுத்தால் மறுக்காமல் படுத்துக்கொள்ளுங்கள்.