கும்மிடிப்பூண்டிச் சாலையில் ஒரு வீரக்கல்

பஸ் பஞ்சர். கும்மிடிப்பூண்டிக்குச் சற்று முன்னால் சாலையோரம் நிற்கிறோம். டீக்கடை ரேடியோவில் போர்ச் செய்தி ஓடுகிறது. கடைக்கார அம்மா பக்கத்திலிருக்கும் வீரக்கல்லைக் குடத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார். கல்லில் வாளோடு ஒருவன் நிற்கிறான். கீழே இருந்த எழுத்து தேய்ந்துவிட்டது. மறவனா, சேவகனா, சிப்பாயா, என்னவென்று குறிப்பது? வழியில் பார்க்கும் பழங்கற்களைக் குறித்துவைக்கும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிறேன்.

"யாரும்மா இவர்? உங்க குலசாமியா?"

"அதெல்லாம் இல்ல சார். எவனோ பட்டாளத்தான். எந்த ஊரோ, இங்க வந்து செத்துட்டான்."

முந்தானையால் கல்லின் முகத்தைத் துடைக்கிறார்.

"எம்புள்ளையும் பார்டர்ல கீறான். ரெண்டு மாசமா கடுதாசிக்குக் காத்துக்கினு கீறேன். அவனுக்கு எதனா ஆச்சுன்னா, அந்த ஊர்ல எவளாவது ஒருத்தி தண்ணி ஊத்த மாட்டாளா?"