செபத்துக்குள் ஒரு பெர்மெஸ்ஸோ

இத்தாலியில், வியா மக்வேதா தெருவில் பாதித் தூரத்தை நான் ஒருமுறை பின்பக்கமாக நடந்தே கடந்திருக்கிறேன். கையில் சாம்பிராணிக் கலசம், உடம்பில் யாரோ இரவல் தந்த ஊதாச் சட்டை, தலையில் வெள்ளை முக்காடு. எதிரே, பூக்களுக்கு நடுவில், பெரு நாட்டவர்களின் ஆண்டவர் படம் ஆண்களின் தோள்களில் அசைந்து வந்தது. தூபம் காட்டும் பெண்கள் ஆண்டவருக்கு முதுகு காட்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் பவனி முன்னே வர வர, நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தபடி பின்னுக்குப் போக வேண்டும். விழாமல் இருக்க ஒருவர் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்து வழிகாட்டுவார். என் இடுப்பைப் பிடித்திருந்தவர் பெரு அக்கா.

அக்காவும் நானும் ஒரே கட்டடத்தில் வேலை செய்தோம். நான் ‘சிஞ்ஞோரா’ என்று கூப்பிடும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். அக்கா மேல்மாடியில் ஒரு கிழவரைப் பார்த்தார்; அவரை ‘நோனோ’, தாத்தா, என்றுதான் கூப்பிடுவார். உடுப்புக் காயப்போடும்போது பல்கனிக்குப் பல்கனி கதைப்போம். இருவருடைய இத்தாலியனும் அரைகுறைதான். ஆனால் என் ஞாபகத்தில் அக்கா தமிழில்தான் கதைக்கிறார், அதுவும் எங்கள் மன்னார்த் தமிழில்.

அந்தக் கிழவர் ஒரு தவக்காலத்தில் இறந்துபோனார். எங்களைப் போன்றவர்களின் சீவியம் இப்படித்தான்: வயதானவருக்கு மூச்சு இருக்கும்வரை வேலை ஒப்பந்தம், ஒப்பந்தம் இருக்கும்வரை பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி. மூச்சு நின்றால் வேறு வேலை தேட ஒரு வருட அவகாசம். ஐம்பது வயதைத் தாண்டிய அக்காவை ஒப்பந்தத்தோடு வேலைக்கு எடுக்க ஒருவரும் வரவில்லை. எனக்கோ கணவரும் மகளும் மன்னாரில். அவர்களைக் கூப்பிடும் அலுவல் முழுக்க என் பெர்மெஸ்ஸோவில் தொங்கிக்கொண்டிருந்தது. சிஞ்ஞோரா இருமினால் எழும்பிப் போய் அவர் மூச்சைப் பார்ப்பேன்.

அக்கா மூலையில் குந்தி அழுகிற ஆள் இல்லை. ஞாயிறு பின்னேரங்களில் தன் நாட்டுப் பெண்களைக் கோவில் மண்டபத்தில் சேர்த்தார். முதலில் செபமாலை, பிறகு சட்டக் கதை. என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே அவர் சொன்னது இன்றைக்கும் எனக்குள் கிடந்து குடைகிறது. “நோனோவுக்கு வருத்தம் கூடினபோது நான் விடாமல் செபிச்சனான். ஆனால் அந்தச் செபத்துக்குள்ளை என்ர பெர்மெஸ்ஸோவும் இருந்தது. அந்த மனிசனுக்காக மட்டும் செபிக்க என்னை இந்தச் சட்டம் விடேல்லை. அதைத்தான் மாத்தச் சொல்லிக் கேக்கிறன்.”

கேட்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி, அடுத்த வருடம் வந்த அந்த ஒக்டோபர் பவனி. பெர்மெஸ்ஸோ அலுவல்களைப் பார்க்கும் ஒரு அரசாங்க அலுவலகத்தின் முன்னால் ஆண்டவரை இறக்கி வைத்து, ஒரேயொரு பரலோக மந்திரம் சொல்ல வேண்டும். அவ்வளவு நேரத்துக்குத்தான் அனுமதியும் கிடைத்திருந்தது. தூக்குவதற்கு ஆண்கள் போதவில்லை என்று எங்கள் தமிழ்ப் பூசைக்கு வந்து கேட்டார். எங்கள் கோவில் காரியங்களை நடத்தும் மூப்பர் யோசிக்கவே இல்லை. “ஆண்டவரைத் தூக்கக் கேட்டால் ஆர் மாட்டன் எண்டுவினம்? வாறம்.”

எனக்குத்தான் பயம். “பொலிஸ் படம் எடுத்தால் என்ன செய்யிறது அக்கா?”

“வடிவாச் சிரி,” என்றார்.

பின்பக்கமாக நடப்பவருக்குப் போகிற இடம் தெரியாது. தூக்கி வருபவர்களின் முகங்கள்தான் தெரியும். சதுக்கத்தை நெருங்கும்போது மூப்பரின் முகம் இறுகியது. பக்கத்தில் வந்தவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“அக்கா, பொலிஸ் நிக்குதோ?”

“ஓம். நீ நட.”

மணி அடித்தது, ஆண்டவரை இறக்கினார்கள். ஸ்பானிய மொழியில் பரலோக மந்திரம் சொல்லி முடிந்தது. மறுபடி மணி அடித்தும் எங்கள் ஆட்கள் அசையவில்லை. எங்கள் ஊரில் சொரூபக் கூட்டை ஓரிடத்தில் இறக்கினால், ஒவ்வொரு புனிதராகக் கூப்பிடும் மன்றாட்டுமாலை முடியாமல் தூக்க மாட்டார்கள். இங்கே ஒரு மந்திரத்தோடு கிளம்ப வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மூப்பர் கண்ணை மூடி, தொண்டையைத் திறந்து தொடங்கிவிட்டார். இது அக்காவின் ஏற்பாடு என்று நினைத்துப் பெரு நாட்டுப் பெண்கள் தெருவில் முழந்தாளிட்டார்கள். பின்னால் பஸ்களும் ஸ்கூட்டர்களும் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின.

“என்ன இது? எப்ப முடியும்?” என்று அக்கா என் காதில் கேட்டார்.

“இப்பதான் துவங்கினவை அக்கா. இன்னும் எல்லாப் புனிதரும் வரவேணும்.”

அவர் சிரித்தது என் பிடரியில் பட்டது. ஆனால் அவருடைய அவகாசம் முடிந்து அரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது எனக்குத் தெரியும்.

இதற்கு யார் பொறுப்பு என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார். குரலில் அதட்டல் இல்லை. என் இடுப்பைப் பிடித்திருந்த கை விட்டது. “நான்தான்,” என்று அக்கா சொன்னது கேட்டது. பத்திரம் கேட்டார்கள், காலாவதியானதை எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஆட்கள் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பாடிக்கொண்டே இருந்தார்கள்.

சில வாரங்களில் நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கட்டளை வந்தது. கோவில் மூலம் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து மேன்முறையீடு செய்தோம். வழக்கு இன்னும் இழுபடுகிறது. அக்கா இப்போது மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்புறத்தில் கோப்பை கழுவுகிறார், ஒப்பந்தம் இல்லாமல். விஷயம் அறிந்த மூப்பர் அவரைத் தேடிப் போய் அழுதாராம். “நீங்கள் செபிக்கத்தானே செய்தனீங்கள். நான் கேட்டதும் அதுதானே,” என்று அக்கா அவரைத் தேற்றி அனுப்பினாராம். சட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஞாயிறு பின்னேரக் கூட்டமும் இருக்கிறது; இப்போது நாங்கள் சில தமிழ்ப் பெண்களும் போகிறோம்.

இந்தக் கிழமை சிஞ்ஞோராவுக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார் வைத்தியர். என் மகளின் பத்திரங்கள் வர இன்னும் சில மாதங்கள் ஆகும். இன்று காலை சிஞ்ஞோரா என் கையைப் பிடித்து, “எனக்காகச் செபிக்கிறாயா?” என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ வருடம் குளிப்பாட்டித் தலைசீவிய உடம்பு. பாசம் இல்லாமல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்காக மட்டும் ஒரேயொரு ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லி முடிக்கப் பார்த்தேன். பாதியில் மகளின் முகம் வந்துவிட்டது.