ஹோமர்களைத் தாராபுரம் அனுப்பியது

நோய் எனக்கு; டாக்டர் என் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். குடலில் ஆரம்பித்தது கல்லீரலுக்கும் போய்விட்டது, ஆபரேஷனுக்கு இடமில்லை, கீமோ கொடுத்துப் பார்க்கலாம், ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே போனால் சந்தோஷம். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டில் நாய், பூனை உண்டா என்று கேட்டார்.

"இல்லீங்க. புறா இருக்குதுங்க."

"எத்தனை?"

"நாப்பதுக்குக் கிட்டத்துல இருக்குமுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். புற்றுநோய் என்று சொல்லும்போதுகூட வைக்காத பேனா. கீமோவில் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், புறா எச்சத்தின் தூசி நுரையீரலுக்குப் போனால் அதுவே ஆளை முடித்துவிடும், கூண்டுப் பக்கமே போகக் கூடாது என்றார்.

கோவையிலிருந்து பஸ் கிளம்பியதும் மனைவி, "இத்தன வருசமா நானும் இதத்தானுங்க சொல்லிட்டிருந்தேன்" என்றாள். அதற்கப்புறம் அவினாசி வரைக்கும் அழுதாள்.

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் புறாப் பந்தயம். நாங்கள் வளர்ப்பது ஹோமர் சாதி. எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டாலும் தன் கூண்டுக்கே திரும்பி வரும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விட்டு, யாருடையது வேகமாகக் கூடு சேர்கிறது என்று பார்ப்போம். எங்கள் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர். அதில் எனக்கு நெருக்கம் இரண்டு பேர்: பூண்டியில் சாமி சிலை செதுக்குகிறவர் ஒருவர், தாராபுரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ஒருவர்.

விஷயம் கேள்விப்பட்டு இருவரும் வந்தார்கள். வெகுநேரம் கூண்டைப் பற்றியே பேசினார்கள். கடைசியில் தாராபுரத்துக்காரர், "எல்லாத்தையும் நான் கொண்டுபோறனுங்க. ஒரு மாசம் அடச்சுப் போட்டு நல்ல தீனி போட்டாப் பழகிக்குமுங்க" என்றார். பழகாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், சிலைக்காரருக்கும் தெரியும். மூவரும் தலையாட்டினோம். கூடைகளை வேனில் ஏற்றினார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதம் முடிந்து அவர் கூண்டைத் திறந்த அன்று, நான் கீமோ முடிந்து வந்து வாளிக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். போன் வந்தது.

"ஏனுங்க, வந்துருச்சுங்களா?"

மாடிக் கூண்டுப் பக்கம் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. "பாதி வந்துருச்சாட்ட இருக்குதுங்க."

"மீதி வந்துட்டிருக்குமுங்க." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மொதல்ல எது வந்துச்சுங்க?"

மனைவியை மாடிக்கு அனுப்பினேன். இறங்கி வந்து, "எல்லாம் ஒரே மாதிரித்தானுங்க இருக்குது" என்றாள். போனில் அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

புறாக்கள் போகாது என்று ஆகிவிட்டதால் எங்கள் பந்தயக் கூட்டத்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முறை போட்டுக்கொண்டார்கள். பெரும்பாலான காலைகளில் சிலைக்காரர்தான். கூண்டைச் சுரண்டி, கம்பும் சோளமும் போட்டு, தண்ணீர் மாற்றி, கீழே வந்து குழாயடியில் குளித்து வேறு சட்டை போட்ட பிறகுதான் என் அறை வாசலுக்கு வருவார். உள்ளே வரமாட்டார். முகமூடியோடு நின்று, எது முட்டை வைத்தது, எது றெக்கை உதிர்க்கிறது என்று சொல்வார். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் அதை மட்டுமே கேட்டார்கள்.

ஒரு நாள் தாராபுரத்துக்காரரிடம் நானே கேட்டேன். "எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா இதுகள என்னங்க பண்றது?"

அவர் யோசித்தார். உடனே ஆறுதல் சொல்லாமல் யோசித்தது எனக்குப் பிடித்திருந்தது. "நல்ல ஜோடியாப் பாத்து எடுத்துட்டுப் போறனுங்க. அடச்சே வெச்சுக் குஞ்சு எடுத்தா, குஞ்சு எங்கூட்டோட இருந்துக்கும். மத்ததுக இங்கதானுங்க வரும். ஆராவது இருக்கோணும்."

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். "நான் இருக்கறனுங்க. கம்பு எவ்வளவு போடோணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாள். அன்றைக்கே சிலைக்காரரோடு முதன்முறையாகக் கூண்டுக்குள் போனாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழுததை யாரும் பார்க்கவில்லை.

டாக்டர் சொன்ன வருஷம் முடிந்து அடுத்த வருஷமும் பாதி ஓடிவிட்டது. கடைசி ஸ்கேனில் கட்டி சிறுக்கவுமில்லை, பெருக்கவுமில்லை. "அப்படியே இருக்கிறது" என்றார் டாக்டர், கொஞ்சம் சந்தேகத்தோடு. ஊசியை நிறுத்தி மாத்திரை கொடுத்திருக்கிறார். கூண்டுக்குத் தடை மட்டும் அப்படியே.

போன ஞாயிறு பந்தயம். என் புறாவின் நேரம் குறிக்கச் சிலைக்காரர் என் வீட்டு மாடியில் நின்றார். அவர் வீட்டு மாடியில் அவருடைய மகன். என்னுடையது நல்ல நேரத்தில்தான் வந்தது. அவருடையது அதற்கும் முந்திவிட்டது என்று மகன் போனில் சொன்னான். அதை என்னிடம் வந்து சொல்லச் சங்கடப்பட்டு, மனிதர் வெகுநேரம் மேலே தண்ணீர்த் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.