எங்கள் வாசலில் ஒரு சாய்தளம்

தங்கையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றுதான், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் படிகள் இருப்பதை நான் உண்மையில் பார்த்தேன். அங்கே குடிவந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் படிகளில் இறங்கித்தான் தினமும் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போனேன். சரக்குக் கப்பல்களுக்குச் சுங்கக் காகிதங்கள் தயார் செய்கிற வேலை எனக்கு. வீடு வாங்கும்போது தண்ணீர் லாரி உள்ளே வருமா, லிஃப்ட் இருக்கிறதா, கடல்காற்றில் ஜன்னல் கம்பி தாங்குமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டிருந்தேன். லிஃப்டுக்குப் போகவே படி ஏற வேண்டும் என்பது மட்டும் கண்ணில் படவில்லை.

தங்கை கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவள். திருச்செந்தூர் சாலையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் அடி. இனி சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொன்னதை அவள் என்னைவிட அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். அழுதது நான்தான். ஆனால் அன்று வாசலில், வாட்ச்மேனும் ஆட்டோக்காரரும் அவளை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கியபோது, அவள் முகம் மாறிவிட்டது. கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்ட் கதவு வரைக்கும் அவள் கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் சொன்னாள். "கேஸ் சிலிண்டர தூக்குத மாதிரியே தூக்குதாவக்கா. பாவம், அவங்க மேல தப்பு இல்ல. ஆனா இனிமே நான் கீழ இறங்கமாட்டேன்."

சொன்னபடியே இருந்தாள். மாதாந்திரப் பரிசோதனைக்கு மட்டும், அன்று வீட்டில் இருக்கிற அக்கம்பக்கத்தார் தூக்கிவிட, இறங்குவாள். மற்றபடி கணினி முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்துவதும், பால்கனியிலிருந்து தெருவைப் பார்ப்பதுமாக நாட்கள் போயின. கல்லூரிக்குத் திரும்புவது பற்றி நான் பேச்செடுத்தால் வேறு ஏதாவது கேட்பாள்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் உப்பளம் வைத்திருக்கிறவர். எல்லாருக்கும் அண்ணாச்சி. முதல் மாடியில் குடியிருந்தார். லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த விதிகள் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருந்தன. செருப்பை வெளி நடையில் விடக்கூடாது, மாடியில் துணி காயப்போட்டால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும், மோட்டார் போடுகிறவர்தான் நிறுத்த வேண்டும். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. தன் பேரன் சுவரில் கிறுக்கியதற்குத் தானே வண்ணம் வாங்கி வந்து பூசியவர் அவர்.

படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டலாமா என்று அவரிடம் போய்க் கேட்டேன்.

காபி கொடுக்கச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இங்கேருங்கம்மா. உங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. ஆனா பொது இடத்துல யாரும் எதையும் கட்டக்கூடாதுன்னு விதி இருக்கு. உங்களுக்கு விட்டா நாளைக்கு இன்னொருத்தர் ஷெட் போடணும்பாரு, அவருக்கு நான் என்ன சொல்ல?"

அவர் கார் நிற்கிற இடத்தில்தான் சாய்தளம் வர முடியும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் ஒரே குரலில், கலெக்டரிடம் மனுக் கொடுங்கள், சட்டமே உங்கள் பக்கம்தான் என்றார்கள். நானும் அந்த வேகத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். தங்கை தலையை ஆட்டினாள்.

"மனு கொடுத்தா சாய்தளம் வந்துரும். அதுக்கப்புறம் அதுல நான் போகும்போதெல்லாம் ஒவ்வொரு கதவும் சாத்தும். இங்கன இருக்கவங்க வாயால சரின்னு சொல்லணும். விதி புஸ்தகத்த எடு."

விதிகளை அவள் தேற்றம் படிப்பது போலப் படித்தாள். பொது இடத்தில் மாற்றம் செய்யக்கூடாது என்ற வரிக்குப் பின்னால், பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் செய்யலாம் என்றும் இருந்தது. கூட்டத்தில் எதைப் பேசுவது என்று முடிவுசெய்வது செயலாளரின் பொறுப்பு. செயலாளர் பதவி காலியாகக் கிடந்தது. அந்த வேலைக்கு யாரும் வரமாட்டார்கள்.

"நீ ஆகு," என்றாள் தங்கை.

ஆனேன். அண்ணாச்சி சந்தேகமாகத்தான் பார்த்தார். ஆனாலும் சாவிக் கொத்தை என் கையில் கொடுத்து, நிலத்தடித் தொட்டி, ஜெனரேட்டர், மீட்டர் அறை என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் போய்க் காட்டினார்.

அதுவரைக்கும் அந்தக் கட்டிடத்தில் நான் என் வீட்டில் மட்டும்தான் குடியிருந்தேன் என்று அந்த வேலை எனக்குச் சொல்லிக் கொடுத்தது. குழாயில் தண்ணீர் வந்தால் திறந்துகொள்வேன், வராவிட்டால் கோபப்படுவேன், அவ்வளவுதான். இப்போது லாரி வரவில்லை என்றால் எனக்குத்தான் முதலில் போன் வந்தது. கீழ்த்தொட்டியைக் கழுவுகிற அன்று பக்கத்திலேயே நின்றேன். மழைக்காலத்துக்கு முன்னால் வடிகாலில் மண் அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்தேன். குப்பையைப் பிரிக்காமல் கொடுக்கிற வீடுகளுக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு பேசக் கற்றுக்கொண்டேன். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த வீட்டில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறார்கள், மின்சாரம் போனால் யாருக்குப் பயம் என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது.

மீன் தகராறு வந்தது அந்தச் சமயத்தில்தான். மூன்றாவது மாடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம், விசைப்படகு வைத்திருந்தார்கள். படகு கரைக்கு வருகிற நாளில் கூடை கூடையாக மீன் வந்து இறங்கும். செதில் குழாயில் அடைத்து, நேர் கீழே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு ஏறியது. கட்டிடத்துக்குள் மீன் அறுக்கவே தடை போட வேண்டும் என்று அவர் என்னிடம் வந்தார். நான் ஆழ்வார்திருநகரிக்காரி, எங்கள் வீட்டில் மீன் வாசனை பட்டதில்லை என்பது அவருக்குத் தெரியும். என்னைத் தன் கட்சி என்றே முடிவுசெய்திருந்தார்.

நான் மேலே போனேன். அந்த வீட்டு அக்கா கதவைத் திறந்ததுமே சண்டைக்குத் தயாராக நின்றார்.

"மீன் அறுக்கப்படாதுன்னு சொல்ல வந்தியளோ?"

"இல்லக்கா. எங்க வச்சு அறுத்தா யாருக்கும் தொல்லை இருக்காதுன்னு கேக்க வந்தேன். எனக்கு மீனப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

அவர் கதவை அகலத் திறந்தார். பிறகு உள்ளே வரச் சொல்லி நாற்காலியைத் தட்டிப் போட்டார். கட்டிடத்துக்குப் பின்னால் மதிலோரம் ஒரு துவைகல் சும்மா கிடந்தது. அங்கே ஒரு குழாய் இழுத்து, வடிகாலில் கம்பி வலை போட்டால் போதும் என்றார். கழிவைப் பொதிந்து காலையில் குப்பை வண்டியில் போட்டுவிட வேண்டும், அறுத்தவர்தான் கல்லைப் பினாயில் விட்டுக் கழுவ வேண்டும் என்று விதியையும் அவரே சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். ஆசிரியர் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு சந்திப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தார். தொட்டியில் தண்ணீர் ஏறுவது அதோடு நின்றது. ஒட்டிய விதி ஒன்றை ஒருவர்கூட முணுமுணுக்காமல் கடைப்பிடித்ததை அந்தக் கட்டிடத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த பொதுக்குழுவுக்குச் சாய்தளத்தை விவாதப் பொருளாக வைத்தேன். கூட்டம் வழக்கமாக மொட்டை மாடியில்தான் நடக்கும். லிஃப்ட் அதுவரை போகாது, கடைசியில் ஏறித்தான் ஆக வேண்டும். கீழே கார் நிறுத்துமிடத்தில் வைத்தாலும் தங்கையால் படி இறங்க முடியாது. எனவே வாசலிலேயே வைத்தேன். எல்லாரும் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தங்கை லிஃப்ட் கதவு பக்கம், படிக்கு மேலே, சக்கர நாற்காலியில் இருந்தாள். நடுவில் படிகள். அதற்குமேல் நான் விளக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

மழையில் வழுக்கும் என்றார் ஒருவர். முகப்பு அழகு போய்விடும் என்றார் இன்னொருவர். ஒரு ஆளுக்காக எல்லாருடைய இடத்தையும் எடுக்கலாமா என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை முன்பே என்னிடம் மறுத்திருந்தாள். எங்கள் காசில் கட்டினால் அது எங்கள் சாய்தளம் ஆகிவிடும், சங்கம் கட்டினால்தான் வாசல் ஆகும் என்பது அவள் கட்சி.

அவளே பேசினாள். குரலை உயர்த்தவில்லை, வகுப்பில் பேசுவது போலத்தான்.

"என்னைத் தூக்கணும்னு கேட்டா நீங்க எல்லாரும் ஓடி வருவிய. அது எனக்கு நல்லாத் தெரியும். இந்த வருஷம் பூரா வந்திருக்கிய. ஆனா யாரும் வரவேண்டாம்ங்கிற மாதிரி ஒரு வழி எனக்கு வேணும். ஒரு டீ குடிக்கப் போணும்னா நான் யார்கிட்டயும் சொல்லிட்டுப் போவேண்டாம். நீங்க எல்லாரும் அப்படித்தான போறிய."



மூன்றாவது மாடி அக்காதான் முதலில் எழுந்தார். "மீன் கூடைய இந்தப் படில ஏத்தி ஏத்தி எனக்கே இடுப்பு போச்சு. எனக்குச் சம்மதம்," என்று கையைத் தூக்கினார். கைக்குழந்தைக்காரி தூக்கினாள். ஷிஃப்டுக்குப் போகிறவர் தூக்கினார். ஒவ்வொரு கையாக எழும்பிக்கொண்டே வந்தது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன், ஒரு கை குறைந்தது. ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொது இடத்துல கட்டக்கூடாதுன்னு விதி இருக்கே," என்றார் அவர்.

"அதுக்கடுத்த வரியையும் படிங்க சார்," என்றாள் தங்கை.

"படிச்சிட்டேன்மா. அதனாலதான் கேட்டு நிச்சயப்படுத்திக்கிட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரும் கையைத் தூக்கினார்.

அண்ணாச்சி கை தூக்கவில்லை. எண்ணிக்கையை மறுபடியும் தானே சரிபார்த்தார். பிறகு எழுந்து நின்று, "தீர்மானம் நிறைவேறியது" என்று தெளிவாகச் சொன்னார். யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லாருமே தட்டினார்கள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். விழுந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் அலுவலகம் கிளம்பி இறங்கினால், அண்ணாச்சியின் கார் தெருவில் நின்றது. அவர் இடம் காலியாகக் கழுவிக் கிடந்தது.

"கொத்தனார் இன்னும் வரலையே அண்ணாச்சி. அதுக்குள்ள என்னத்துக்கு எடுத்திய? உப்புக்காத்துல வண்டி துருப்பிடிச்சிருமே."

"பிடிக்கட்டும். பாஸானது பாஸானதுதான். விதி எழுதுனவனே அதுல இழுத்தடிச்சா மத்தவன் எப்படிக் கேப்பான்?"

அந்த நிமிடத்தில், அவரை எதிர்த்து ஜெயித்ததைவிட அவரோடு ஒரே கட்டிடத்தில் குடியிருப்பதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வார விடுமுறையில் இருசக்கர வண்டிகளையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி, கோடு போட்டு, அவர் காருக்கு மதிலுக்குள்ளேயே ஓர் இடம் எடுத்துக் கொடுத்தோம். முதலில் வண்டியை நகர்த்தியது பின்வரிசைக் குரல்காரர்.

சரிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று தங்கை கணக்குப் போட்டுக் கொடுத்தாள். கொத்தனார், கொஞ்சம் செங்குத்தாக விட்டால் சீக்கிரம் முடியும் என்று பார்த்தார். அண்ணாச்சி விடவில்லை. நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து அளவு நூலைப் பிடித்தார். சிமெண்ட் இறுகும் வரைக்கும் ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்ததும் அவரும் ஆசிரியரும்தான். வழுக்காமல் இருக்க மேலே கோடு கீறச் சொன்னது மூன்றாவது மாடி அக்கா.

திறப்பு விழா என்று எதுவும் வைக்கவில்லை. சாக்கை எடுத்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தங்கை தலை சீவிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"எங்க போற?"

"வெளிய," என்றாள்.

கூட வரட்டுமா என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன். லிஃப்ட் இறங்குகிற சத்தம் கேட்டது. பால்கனிக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் கேட் வழியாக அவள் தெருவுக்கு வந்தாள், அவள் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு. வாட்ச்மேன் எழுந்து பக்கத்தில் வந்தார். அவள் ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். எதிர்முனை டீக்கடை வரைக்கும் போய் நிறுத்தி டீ சொன்னாள். கடைக்காரர் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் எங்கள் கட்டிடத்தைக் கை நீட்டிக் காட்டினாள்.

அவள் மேலே வந்ததும், கடைக்காரர் என்ன கேட்டார் என்றேன்.

"ஊருக்குப் புதுசான்னு கேட்டாரு. இல்லண்ணே, எதுத்தாப்புலதான் குடியிருக்கேன்னு சொன்னேன்." கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் முகமெல்லாம் வெளிச்சம். "அக்கா, நாளைக்குக் காலேஜுக்கு போன் பண்ணப்போறேன். அடுத்த மாசத்துலருந்து நேர்ல வாரேன்னு சொல்லப்போறேன்."